‘எல்லா லீஃபுக்கும் போடலாம்’ என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்

மாரிகாலத்து இருட்டில் புத்தூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த என் மச்சானின் காருக்கு முன்னால் மாடொன்று பாய்ந்தது. மாடு எழும்பி நடந்து போய்விட்டது. மச்சானுக்கும் ஒரு கீறல் இல்லை. காரின் முகம்தான் நொறுங்கியது. பொனட் மடிந்து, பஃபர் கிழிந்து, மூக்கின் நடுவில் இருக்கும் சார்ஜ் மூடி பூட்டோடு சேர்ந்து உடைந்துபோனது. கார் நிசான் லீஃப். 2014ஆம் ஆண்டுக்கானது. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தது.

காப்புறுதியில் கேட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்று கணக்குப் பார்த்து, கைக்காசிலேயே திருத்த முடிவெடுத்தார். உதிரிப்பாகக் கடை ஒன்றில் முழு முன் செட்டும் ஒரே இடத்தில் கிடைத்தது. அதுவும் அவருடைய காரின் அதே வெள்ளை நிறத்தில். பெயின்ட் செலவும் மிச்சம். “இது எந்த ஆண்டுக் காரில கழட்டினது தம்பி?” என்று கேட்டிருக்கிறார். “அண்ணை, லீஃப் எண்டால் லீஃப்தான். எல்லா லீஃபுக்கும் போடலாம். ஒரு பிரச்சினையும் வராது” என்று பதில் வந்தது. காசைக் கொடுத்தார். பில்லில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘லீஃப் முன் செட் – 1.’

கராஜில் பொனட் தன் இடத்தில் போய் இருந்தது. பஃபரைக் கொஞ்சம் தட்டி, கொஞ்சம் இழுத்து மாட்டினார்கள். சார்ஜ் மூடியின் பூட்டைக் கையில் எடுத்தபோதுதான் வேலை நின்றது. காரிலிருந்து ஒரு மின்வயர் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கி வந்த பூட்டில் அதைச் செருக இடமே இல்லை. அதற்குப் பதிலாக, இழுகம்பி மாட்டும் கொளுக்கி ஒன்று இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று விளங்கிக்கொண்டால், பாகம் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். லீஃப் 2010 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முதற் காரின் சேசிஸ் எண் ‘இசட்ஈ0’ என்று தொடங்கும். 2012 நவம்பரில் நிசான் அதைத் திருத்தி வெளியிட்டது. அதன் எண் ‘ஏஇசட்ஈ0’ என்று தொடங்கும். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அதே புடைத்த ஹெட்லைட், அதே முதுகு. உள்ளே பல இடங்களில் கைவைத்திருந்தார்கள். பின் இருக்கைக்குப் பின்னால் இருந்த சார்ஜர் பொனட்டுக்குக் கீழே வந்தது, அதனால் டிக்கியின் கொள்ளளவு 330 லீற்றரிலிருந்து 370 லீற்றராக ஏறியது. சாரதி இருக்கையருகே நெம்புகோலை இழுத்துத் திறந்த சார்ஜ் மூடி, பொத்தானை அழுத்தித் திறக்கும் மூடியானது. மச்சானின் கார் ஏஇசட்ஈ0. அவர் வாங்கியது இசட்ஈ0இன் முகம்.

2017 செப்டெம்பரில் அறிமுகமாகி ஒக்டோபரில் விற்பனைக்கு வந்தது அடுத்த தலைமுறை ‘இசட்ஈ1.’ அதன் முகம் முற்றிலும் வேறு. ஆனாலும் பலருக்கு அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. மூன்றுக்கும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம் 2,700 மில்லிமீற்றர்தான். அடித்தளம் ஒன்றின் தொடர்ச்சிதான். “சட்டகம் ஒண்டுதானே, பிறகென்ன” என்று வாகனம் தெரிந்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நீளத்தைப் பாருங்கள்: பழையது 4,445 மில்லிமீற்றர், புதியது 4,480. அடித்தளம் ஒன்று என்பதற்காக மேலே போர்த்திய தகடு ஒன்றாகிவிடாது. 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை லீஃப் அடித்தளத்தையும் மாற்றிக்கொண்டுவிட்டது. அதற்கும் இவற்றுக்கும் பெயர் மட்டும்தான் உறவு.

இலங்கையில் இது ஒருவர் இருவரின் பிரச்சினை இல்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வரிச் சலுகையால் லீஃப்கள் பெருமளவில் இறங்கின. பிறகு மின்சாரக் கார்களுக்கான வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இந்த இடைவெளியில் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தை தொடங்கி யாழ்ப்பாணம் வரை, ஜப்பானில் கழற்றிய முகங்களும் கதவுகளும், வெளியே செய்த கொப்பிப் பாகங்களும் அடுக்கடுக்காக வந்தன. அதில் பிழையொன்றும் இல்லை. புதிய ஒரிஜினல் பொனட்டின் விலையைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களுக்குக் கழற்றிய பாகம் ஒரு வரம்தான். கழற்றிய பாகமே வாங்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எதிலிருந்து கழற்றியது என்று தெரியாமல் வாங்காதீர்கள் என்கிறேன்.

‘பொருந்தும்’ என்ற சொல்லைக் கடைக்காரர் ஒரு பொருளில் சொல்கிறார், நாம் இன்னொரு பொருளில் கேட்கிறோம். துளைக்குத் துளை போல்ட் ஏறினால் அவருக்குப் பொருந்திவிட்டது. அதன் பிறகு பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் ஓட வேண்டும். ஓரிடத்தில் விரல் நுழைந்து இன்னோரிடத்தில் நகமும் நுழையாவிட்டால், அந்தப் பாகம் வேறு காருக்குச் செய்ததாகவோ வளைந்து போனதாகவோ இருக்கும். இவை இரண்டும் சரியாக இருந்தாலும், தகட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவிகள் முன்போல் வேலை செய்ய வேண்டும். மின்சாரக் காரில் இந்தக் கடைசிப் பொருத்தம்தான் பெரிது. அதைக் கடை மேசையில் வைத்துப் பார்க்க முடியாது.

லீஃபின் மூக்குக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். சார்ஜ் வாய் அங்கேதான். பாதசாரிகளுக்குக் கார் வருவதை உணர்த்தும் ஒலிபெருக்கி முன்புறத்தில்தான். இந்தக் காருக்கு என்ஜின் சத்தம் இல்லை. பஃபர் மாற்றும்போது கழற்றிய அந்த ஒலிபெருக்கியின் வயரைத் திரும்பச் செருக மறந்தால், ஒழுங்கையில் நடந்து போகும் பெரியவருக்கும் சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் கார் வருவது கேட்காது. மோதலை உணர்ந்து காற்றுப்பைக்குச் செய்தி அனுப்பும் சென்சரும் முன்பக்கத்தில்தான். அதைத் தாங்கும் இரும்பு வளைந்திருந்தால் மேலே எத்தனை அழகான பஃபர் இருந்தும் பயனில்லை. சுற்றுக் கமரா உள்ள கார்களில் முன் இலச்சினைப் பக்கத்திலும் பக்கக் கண்ணாடிகளிலும் கமராக்கள் இருக்கும். கமரா இல்லாத காரிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி கச்சிதமாக மாட்டுப்படும், திரையில் அந்தப் பக்கம் மட்டும் இருட்டாக இருக்கும். இசட்ஈ1இல் தானாகப் பார்க் செய்யும் வசதி உள்ளவற்றுக்கு நான்கு கமராக்களோடு 12 சோனார் சென்சர்களும் உண்டு. அவற்றுக்கான துளையும் தாங்கியும் இல்லாத பஃபரை வாங்கிவிட்டு, கராஜில் துளை போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய பிழை. சென்சர் பார்க்கும் கோணம் மாறிவிட்டால் அது தரும் எச்சரிக்கையை எப்படி நம்புவது?

கொப்பிப் பாகங்கள் எல்லாமே உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்துவோரும் உண்டு. அது முழு உண்மையல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 1987இல் ஒரு ஃபோர்ட் காரின் மட்கார்ட் போன்ற மேல் தகடுகளைக் கழற்றிவிட்டே மோதவிட்டுப் பார்த்தது. உள்ளிருப்பவரைக் காப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காப்பது உள்ளே உள்ள சட்டகம். எனவே கொப்பி மட்கார்ட் போட்டவர் இரவு நித்திரை இல்லாமல் கிடக்க வேண்டியதில்லை. பொனட்டில் மட்டும் கவனம் வேண்டும். மோதும்போது அது நடுவில் மடிய வேண்டும், பிணைச்சலிலிருந்து பிய்ந்து முன் கண்ணாடியை நோக்கி வரக்கூடாது. பஃபருக்குப் பின்னால் மறைந்திருக்கும் குறுக்குச் சட்டத்தில் அறவே சமரசம் வேண்டாம். பஃபர் வெறும் பிளாஸ்டிக் தோல், அடியை வாங்குவது அந்தச் சட்டம். விலை பேசும்போது பலர் முதலில் கைவிடுவதும் அதைத்தான், வெளியே தெரியாது என்பதால்.

லீஃபின் பொனட் அலுமினியம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். உங்கள் பழைய பொனட்டில் ஒட்டாத காந்தம் கடைக்காரரின் பொனட்டில் ஒட்டினால், அது இரும்புத் தகட்டில் செய்த கொப்பி. பாரம் கூடும், பிணைச்சலுக்கும் சுமை கூடும், நம் கடற்கரை உப்புக்காற்றில் துருவும் ஏறும். ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்று சொல்லி அதை விற்றால் அது ஏமாற்று. ஹெட்லைட்டில் இன்னொரு விஷயம். ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகிறார்கள், அவர்களுடைய லைட் நமக்குச் சரி. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த லைட் வலப்பக்க ஓட்டத்துக்கானது. அதன் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இரவில் ஏ-9 வீதியில் ஓடுபவர்களுக்கு அதன் ஆபத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கடைக்குப் போகும்போது வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கொண்டு போங்கள். சேசிஸ் எண்ணின் தொடக்க எழுத்துகள் உங்கள் தலைமுறையைச் சொல்லிவிடும். பாகத்தைப் புரட்டி அதன் எண்ணைத் தேடுங்கள். நிசானின் பாக எண்ணில் பத்து இடங்கள். முதல் ஐந்து அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். முன் பஃபர் தோலுக்கு 62022. கடைசி ஐந்துதான் அது எந்தக் காரின் எந்த வகைக்கு என்பதைச் சொல்லும். விற்பவர்கள் முதல் ஐந்தைக் காட்டி “இந்தா சரியா இருக்கு” என்பார்கள். நாம் பார்க்க வேண்டியது மற்ற ஐந்து. பழைய உடைந்த பாகத்தை எறிந்துவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து, கிளிப் மாட்டும் இடங்களையும் வயர் போகும் துளைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றிய பாகமென்றால் கழற்றிய காரின் சேசிஸ் எழுத்தைக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி சொல்வார். அப்படிச் சொல்லும் வியாபாரிகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடமே போங்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்த, வெட்டிய, துளைத்த பாகத்தை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. சட்டத்தின் முன்னும் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

கராஜ் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். 24 கிலோவாட்-மணி லீஃபின் பெரிய பற்றரியில் 192 செல்கள், சுமார் 360 வோல்ட். செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்களெல்லாம் அந்த மின்னழுத்தம் ஓடும் வயர்கள். ஏஇசட்ஈ0 முதல் சார்ஜரும் முன்னால் இருப்பதால், முகம் நொறுங்கிய காரில் டிங்கர் வேலை செய்பவரின் கைக்கு அவை மிக அருகில் வருகின்றன. 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி, பின் இருக்கைக்கு முன்னால் தரைவிரிப்புக்குக் கீழுள்ள சேர்விஸ் பிளக்கையும் உருவி, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்த பிறகே அந்தப் பகுதியில் கைவைக்கலாம். பிளக்கை உருவுவதும் பயிற்சி பெற்றவர், காப்புக் கையுறையோடு செய்யும் வேலை. வெல்டிங் செய்யப்போகும் கராஜில் “சேர்விஸ் பிளக் எங்க இருக்கு?” என்று கேளுங்கள். தெரியாதவரிடம் காரை விடாதீர்கள். பெயின்ட்டைச் சூடேற்றிக் காயவைக்கும் அறைக்குப் போகும் முன்பும் பேசுங்கள். 49 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் காரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று லீஃப் கைநூல் எச்சரிக்கிறது. லீஃப் பற்றரிக்குக் குளிரூட்டும் திரவம் இல்லை, வாங்கிய சூட்டை அது வைத்துக்கொண்டே இருக்கும்.

காப்புறுதியில் திருத்துபவர்கள், மதிப்பீட்டாளர் பார்த்து ஒப்புதல் தரும் முன் எதையும் கழற்ற வேண்டாம். ஒப்புதல் கடிதத்தில் புதிய ஒரிஜினலா, கழற்றியதா, கொப்பியா என்று பாகத்துக்குப் பாகம் எழுதியிருக்க வேண்டும். வெறுமனே ‘பஃபர்’ என்று எழுதியிருந்தால் கேட்டுத் திருத்துங்கள். பழைய லீஃபுக்குப் புதிய லீஃபின் முகம் வைக்க ஆசைப்படும் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரின் உருவத்தை மாற்றிவிட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்தால், நாளை ஒரு விபத்தில் நட்டஈட்டை மறுக்க அதுவே காரணமாகலாம். நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். நிறம் பதிவுச் சான்றிதழிலேயே இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்தோடு தகராறு வந்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதி குறைகேள் அதிகாரியிடமும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

கடைக்காரரோடு வரும் தகராறுக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பொருளைப் பற்றித் தவறான, ஏமாற்றும் விதமான விவரம் சொல்லி விற்பதை அது தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வேன் என்பது கராஜ்காரர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சட்டம் அவர்மேல் வைக்கும் உத்தரவாதம். அதற்கும் முந்தையது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து இந்நாட்டுச் சட்டம். ‘ஏஇசட்ஈ0க்கு’ என்று எழுதி விற்ற பூட்டு ஏஇசட்ஈ0க்குப் போகாவிட்டால் பிழை விற்றவருடையது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பி வராதீர்கள். பொய் விவரத்துக்கு அந்த அட்டை பதில் ஆகாது.

ஆனால் காலக்கெடு உண்டு. வாங்கிய மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். 1977 என்ற எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்கலாம், மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்களுடைய அலுவலகத்துக்கும் போகலாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பற்றுச்சீட்டின் பிரதி, பாகத்தின் எண் தெரியும் படம், பொருந்தாத இடத்தின் படம், பதிவுச் சான்றிதழின் பிரதி, இவற்றை இணையுங்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் குரல்பதிவும் இருந்தால் அழிக்காதீர்கள். சிறிய தொகைத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது. சட்டத்தரணி இல்லாமலே இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் இடம் அது. ஒரே ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு அது நல்ல வழி என்று நான் நினைக்கிறேன்.

மச்சான் இதில் எதையும் செய்யவில்லை. பூட்டைக் கழற்றிவிட்டு, சார்ஜ் மூடியை ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மழைத்தண்ணீர் உள்ளே போனது. சார்ஜ் வாயின் முனைகளில் பச்சை பூத்தது. ஒருநாள் இரவு முழுக்கச் செருகி வைத்தும் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜ் வாயையே மாற்ற வேண்டி வந்தது, முன் செட்டில் மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு மடங்கு அதில் போனது. அப்போதுதான் கடைக்குப் போனார். ஐந்து மாதம் கடந்திருந்தது. “நான் எந்த மொடல் எண்டு சொல்லேல்லையே அண்ணை” என்றார் கடைக்காரர். பில்லை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. பில்லில் எந்த மொடலும் இல்லை.

இப்போது சீனத்துப் புதிய மின்சாரக் கார்கள் நம் வீதிகளில் நிறைகின்றன. அவற்றின் முகங்கள் லீஃபைவிட வேகமாக மாறுகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் அவற்றின் கழற்றிய பாகங்களும் இதே கடைகளில் அடுக்கப்படும். பில் எழுதும்போது சற்றுப் பொறுத்து நின்று, மூன்று விவரங்களைக் கேட்டு எழுதுவியுங்கள்: உங்கள் காரின் சேசிஸ் எழுத்து, பாகத்தின் முழு எண், பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திரும்ப எடுப்பார் என்பது. எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.